1060-ஐ மாற்றவா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டவா?

தொட்டிப்பாலம்:

மக்களே, ஒரு யோசனை சொல்லுங்கள், மண்டை காய்கிறது. 2018 கடைசியில், காலேஜில் படிக்கும்போது அப்பாவை ஒரு வருஷம் நச்சரித்து, ரப்பர் ஷீட் விற்ற பைசாவில் வாங்கிய சிஸ்டம் என்னுடையது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 போர்டு, 8 ஜிபி ரேம் (ஒற்றை ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். இத்தனை வருஷத்தில் ஒரு எஸ்எஸ்டி சேர்த்ததைத் தவிர எதையும் தொடவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஜிடிஏ 5 முன்னால் வெண்ணெய் மாதிரி ஓடும், இப்போது அரை மணி நேரம் ஆனதும் தானாகவே சுணங்குகிறது. சைபர்பங்க் 2077 லோ செட்டிங்ஸில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரும் படங்கள்) 35, 40 காட்டுகிறது, ஆனால் நடுவில் நடுவில் ஒரு வினாடி அப்படியே உறைந்து நின்று விடுகிறது. வேலோரண்டில் நம்பர் நன்றாகத்தான் இருக்கிறது, நாலு பேர் ஒன்றாக வந்தால் மட்டும் திணறல். போன மாதம் கூட்டுக்காரன் ஒருவன் டூம் தி டார்க் ஏஜஸ் கொண்டு வந்தான், அது திறக்கவே இல்லை. ஃபேன் சத்தமோ, ஆரல்வாய்மொழி காற்றாடியை வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்தது போல.

நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டேன். எதையும் திறந்து பார்க்காமலே "இது பழைய செட்டு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு எடுங்கள், 85 ஆயிரம் ஆகும்" என்றார். என்னிடம் இருப்பது சிட்டு ஃபண்டில் விழுந்த 25 ஆயிரம். அதையும் வீட்டில் சொல்லாமல்தான் வைத்திருக்கிறேன், தங்கச்சி கல்யாணப் பேச்சு ஓடுகிறது. கார்டை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது இந்தச் சவத்தையே இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமா?

வேப்பமூடு:

ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு எடு, கூட மூன்று நாலாயிரம் போட்டால் வந்துவிடும், வேலை முடிந்தது. 1060 எல்லாம் பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய சாமான் மக்கா.

முட்டம் உப்புக்காற்று:

வேப்பமூட்டு அண்ணன் சொன்னதைக் கேட்டு உடனே ஓடிவிடாதே. நீ சொன்ன நாலு பிரச்சினையும் நாலு வேறு காரணத்தால் வருகிற மாதிரி இருக்கிறது. டூம் திறக்காததற்குக் காரணம் உன் கார்டுக்கு வயதானது மட்டுமில்லை, அந்த கேம் ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரைவது) ஹார்ட்வேர் உள்ள கார்டு இல்லாமல் தொடங்கவே தொடங்காது, இண்டியானா ஜோன்ஸ் கேமும் அப்படித்தான். அதற்குக் கார்டு மாற்றாமல் வழியே கிடையாது. மற்ற மூன்றையும் அதோடு சேர்த்துக் கட்டாதே.

முதலில் அளந்து பார். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, கேம் ஓடும்போதே திரை ஓரத்தில் ஜிபியு (கார்டின் சிப்) சதவீதம், சூடு, கிளாக் (சிப் ஓடும் வேகம்), ரேம், பிராசஸர் எல்லாம் தெரிகிற மாதிரி வை. ஜிபியு 97, 98 என்று நின்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது, மாற்றினால் பலன் தெரியும். அது 50, 60-இல் நின்றுகொண்டே எஃப்பிஎஸ் விழுந்தால் கார்டின் மேல் பழி போடாதே, குற்றவாளி வேறு ஆள்.

அரை மணி நேரம் கழித்துச் சுணங்குவது எனக்குச் சூடு மாதிரிதான் தெரிகிறது. சூடு ஏற ஏற இந்தக் கார்டு தன் கிளாக்கைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏழெட்டு வருஷமாகத் திறக்கவில்லை என்கிறாய், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்து பப்படமாகியிருக்கும். என் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம், எனக்கு இதோடு உப்பும் சேர்ந்து வரும், எச்டிஎம்ஐ போர்ட்டில் பச்சை பிடித்து ஒரு மழைக்காலம் முழுக்க படமே வராமல் இருந்தேன். உனக்குத் திருவட்டாறு பக்கம் உப்பு இருக்காது, ஈரம் இருக்கும். நமக்குத்தான் இடவப்பாதி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, வருஷத்தில் பாதி நாள் சுவரே வியர்க்கிற ஊர்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. சிப்புக்குப் பின்னால் நாலு ஸ்ப்ரிங் ஸ்க்ரூ, அப்புறம் கார்டுக்குத் தக்கபடி இன்னும் சில. கூலரைத் தூக்கும்போது வெடுக்கென்று இழுக்காதே, ஃபேன் வயர் போர்டில் செருகியிருக்கும், அதை முதலில் எடு. மெமரி மேல் ஒட்டியிருக்கும் பேடு கிழிந்தால் அதே கனத்தில்தான் புதிது போட வேண்டும், கனம் மாறினால் சிப்பில் கூலர் உட்காராது. பழைய பேஸ்ட்டைத் துடைக்க மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ (ஒரு வகை ஆல்கஹால்) என்று கேட்டால் தருவார்கள். ஃபேன் சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதே. சிரிக்காதே, என் அண்ணன் விட்டான். ஒரு வாரம் சத்தமில்லை, அப்புறம் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அல்வா.

தொட்டிப்பாலம்:

அண்ணே, இரண்டு நாள் உட்கார்ந்து அளந்தேன். ஜிடிஏ 5-இல் ஜிபியு 99, சூடு முதல் பத்து நிமிடத்தில் 75, அப்புறம் 86-க்குப் போய்விடுகிறது, கிளாக் 1850-இல் இருந்து 1500 பக்கம் இறங்குகிறது. வேலோரண்டில் ஜிபியு 45தான். சைபர்பங்கில் ஜிபியு 90க்கு மேல், ஆனால் உறைகிற நேரத்தில் சட்டென்று 20, 30 என்று விழுகிறது, அந்த நேரம் ரேம் 7.7 ஜிபி காட்டுகிறது. இருப்பதே 8.

கோட்டாறு பட்டறை:

இப்போதுதான் பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. நான் பதினைந்து வருஷமாகச் சர்வீஸ் வேலை பார்க்கிறவன், கடைப் பேரெல்லாம் வேண்டாம்.

தம்பி, சைபர்பங்கின் இப்போதைய குறைந்தபட்சத் தேவையை எடுத்துப் பார். கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, உன்னிடம் அதேதான் இருக்கிறது. பிராசஸர் ரைசன் 5 1600, உன்னுடையது அதைவிட ஒரு படி மேல். எஸ்எஸ்டி கேட்கிறது, அதுவும் இருக்கிறது. ரேம் 12 ஜிபி கேட்கிறது, உன்னிடம் 8. ஆக அந்த கேமுக்கு உன் செட்டில் தோற்கிற ஒரே சாமான் ரேம்தான். நீ 4060 இல்லை 5090 வாங்கி மாட்டினாலும் அந்த ஒரு வினாடி உறைதல் அங்கேயே இருக்கும், ரேமில் இடமில்லாமல் டேட்டா எஸ்எஸ்டிக்குப் போய்ப் போய் வருகிறது.

அதோடு ஒற்றை ஸ்டிக். ரைசனுக்கு ஒற்றை ஸ்டிக் போடுவது இரட்டைப் பாதை ரோட்டில் ஒரு பக்கத்தை அடைத்து வண்டி விடுகிற கதை. வேலோரண்டில் திணறுவது பாதி அதனால்தான். இன்னும் ஒன்று, உன் ஸ்டிக்கின் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் என்ன வேகம் காட்டுகிறது, இரண்டையும் பார். 3000 என்று எழுதிய ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருப்பதை நான் மாதத்துக்கு நாலு சிஸ்டத்தில் பார்க்கிறேன். அசெம்பிள் செய்து கொடுத்தவர் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை எழுதிய வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்திருக்க மாட்டார். காசு செலவில்லாத வேலை. இரண்டாவது ஸ்டிக் போடும்போது போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு.

ரேம் விலை 2025 கடைசியில் ஏறிய ஏற்றம் உனக்குத் தெரிந்திருக்கும், ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மொத்தமாக வாரிக்கொண்டு போகிறார்கள், டிடிஆர்4-ஐக்கூட விட்டுவைக்கவில்லை. அதனால் புதிது வாங்காதே, யாராவது பழைய செட்டைப் பிரித்து விற்கும்போது அதே வேகத்தில் ஒரு 8 ஜிபி பிடி. ரேம் மற்ற சாமான் போலத் தேய்வதில்லை, ஓடினால் ஓடும், மெம்டெஸ்ட் என்ற சோதனையை ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, கார்டு. மாற்றவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன் 1060 சேர்ந்த பாஸ்கல் வகைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். பழைய கேம்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதில் பயமில்லை. புதிதாக வருகிற கேமில் கோளாறு வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வாங்குவது என்றால் உன் போர்டையும் பிராசஸரையும் மனதில் வைத்து வாங்கு. பி450-இல் கார்டு செருகும் பாதை பிசிஐஇ 3.0தான். 4060, ஆர்எக்ஸ் 6600, 7600 எல்லாம் எட்டு லேன் (டேட்டா போகும் தடம்) கார்டுகள், 4.0-வை நம்பிச் செய்தவை. 3.0-வில் போட்டால் கொஞ்சம் குறையும், பெரிய நஷ்டமில்லை, ஆனால் கார்டின் சொந்த மெமரி (விரேம்) 8 ஜிபியும் நிறைந்து வழிகிற கேமில் அடி பலமாக விழும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகவே போகாதே, நாலே லேன், நாலு ஜிபி, உன் போர்டில் சில கேமில் 1060-இடமே தோற்கும். இன்டெல் பி580-ஐ 12 ஜிபி என்று பார்த்து ஆசைப்படுவாய், நல்ல கார்டுதான், ஆனால் பழைய பிராசஸரோடு சேராது, 2600-இல் சில கேமில் பலம் வெகுவாகக் குறைந்து முழிக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பதினாறு லேனும் உள்ள கார்டு, உன் போர்டுக்கு அதுதான் பொருந்தும் என்பேன், வயது 2021 என்றாலும்.

எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி? கேபினட்டோடு வந்ததா?

வேப்பமூடு:

பட்டறை அண்ணே, எல்லாம் சரி, 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115தான். அவன் கையில் இருப்பது 450 வாட் எஸ்எம்பிஎஸ். பவர் கம்மி, சூடு கம்மி, வேகம் அதிகம், ஃப்ரேம் ஜெனரேஷனும் (நடுவில் கூடுதல் படங்களைச் செருகும் வித்தை) உண்டு. 1080பி மானிட்டரில் விளையாடுகிற பையனுக்கு 12 ஜிபி எதற்கு?

கோட்டாறு பட்டறை:

வாட் கணக்கு நீங்கள் சொல்வது சரி, அதை மறுக்கவில்லை. வேகத்திலும் 4060 முன்னால்தான். ஆனால் இவன் கார்டை ஏழெட்டு வருஷம் வைத்து ஓட்டுகிற ஆள், நம்மைப் போல இரண்டு வருஷத்தில் விற்கிறவன் இல்லை. டூம் இப்போதே 8 ஜிபி குறைந்தபட்சம் என்கிறது. ஃப்ரேம் ஜெனரேஷன் 30-ஐ 60 ஆக்கிக் காட்டும், கையில் 30-இன் தாமதம் அப்படியே இருக்கும், அதற்கும் கொஞ்சம் விரேம் தின்னும். பவர்தான் உங்கள் பக்கம் நிற்கிற ஒரே வாதம் அண்ணே, அதுவும் எஸ்எம்பிஎஸ் என்ன சாமான் என்று தெரிந்த பிறகுதான்.

பத்மநாபபுரம்:

தம்பி, நான் தக்கலையில் வீட்டில் இருந்தே 3டி வேலை செய்கிறேன். ஒன்று கேட்கிறேன், நீ அந்தக் கம்ப்யூட்டரில் கேம் மட்டும்தான் விளையாடுகிறாயா? ப்ளெண்டர், வீடியோ எடிட்டிங் எதுவும் உண்டா? ஏனென்றால் கேம் மட்டும் என்றால் ஆர்எக்ஸ் 6600 போதும், 132 வாட்தான், ஏஎம்டியே அதற்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறது, விலையும் இந்தக் கூட்டத்தில் குறைவு. வேலையும் உண்டு என்றால் என்விடியா பக்கமே நில், அதிலும் விரேம் அதிகம் உள்ளதை எடு. என்னிடம் 8 ஜிபி கார்டு இருந்தபோது ஒரு கல்யாண மண்டப சீனை ரெண்டர் போட்டால் மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும், கதவைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். 3060 வாங்கியது அதற்குத்தான், வேகத்துக்காக இல்லை.

யுபிஎஸ் இருக்கிறதா என்றும் பார். 600 விஏ என்று வாங்குகிற சின்ன யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 170 வாட் கார்டு, பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து விளையாடும்போது கரண்ட் போனால் பீப் அடித்துப் படுத்துவிடும். நம் பக்கம் ஐப்பசி இடிக்குக் கரண்ட் போவதற்கு அறிவிப்பா தருகிறார்கள்?

கொட்டாரம்:

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறவர்களுக்கு என் சொந்த அனுபவம். ஆன்லைனில் "புத்தம் புது" ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, கேள்விப்படாத ஒரு பேரில், அடிமாட்டு விலைக்கு வந்தது. வந்த பெட்டி புதிது, பிளாஸ்டிக் உறை புதிது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் போட்டுப் பார்த்தால் 2048 கோர். அசல் 580-க்கு 2304. அது 2048எஸ்பி என்று சீனாவுக்காக வந்த வகை, உள்ளே இருப்பது 570-இன் கணக்குதான். கூலரைத் திறந்தால் மெமரி பேடெல்லாம் எண்ணெய் கசிந்து கிடந்தது. 2022 செப்டம்பரில் எத்திரியம் கிரிப்டோ மைனிங் நின்ற பிறகு குவிந்த கார்டுகளைக் கழுவித் துடைத்து விற்கிற வியாபாரம் இது என்று அப்புறம்தான் உறைத்தது. திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்கள். நாலு மாதத்தில் திரையில் புள்ளிகோலம் போட்டுவிட்டுச் செத்தது.

மைனிங் கார்டு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. கையில் எடுத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம் பைசா கொடுங்கள்.

தொட்டிப்பாலம்:

எல்லாருக்கும் ஒன்றாகப் பதில். அக்கா, கேம்தான் முக்கியம், ஆனால் மாமா பையன் கல்யாண வீடியோ எடுக்கிறான், சீசன் நேரத்தில் ராத்திரி என் சிஸ்டத்தில்தான் எடிட் செய்கிறான், ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் கொடுப்பான். பட்டறை அண்ணே, எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு வந்ததுதான், ஸ்டிக்கரில் 450 என்று இருக்கிறது, கையில் தூக்கினால் தீப்பெட்டி கனம். ரேம் 3000 என்று எழுதியிருக்கிறது, ஓடுவது 2133. நீங்கள் சொன்னது அச்சு அசல், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, ஏழு வருஷம்.

கோட்டாறு பட்டறை:

தீப்பெட்டி கனம் என்றால் அந்த 450-ஐ நம்பாதே, அது சொல்கிற வாட்டைத் தராது. 1060 வெறும் 120 வாட் என்பதால் இதுவரை தப்பித்தாய். எந்தக் கார்டு வாங்கினாலும் அதற்கு முன்னால் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கு, அதற்கு மூன்று நாலாயிரம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கார்டு பார். உன் கார்டின் பவர் பிளக்கில் ஆறு பின், இப்போது வருகிறவை எட்டு பின் கேட்கும், மோலெக்ஸில் இருந்து மாற்றுகிற வயர் போட்டு ஒப்பேற்றாதே, உருகிப்போன பிளக்கை நான் இரண்டு முறை வெட்டி எடுத்திருக்கிறேன். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா?

தொட்டிப்பாலம்:

இழுக்கிறது அண்ணே. செருப்பு போட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.

கோட்டாறு பட்டறை:

ஏலே, முதலில் அதைச் சரி செய். கார்டு எங்கும் ஓடிப்போகாது.

தொட்டிப்பாலம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எர்த் கம்பி கொல்லையில் துருப்பிடித்து அறுந்தே கிடந்தது, புதிதாகக் குழி தோண்டிப் போட்டாகிவிட்டது, இப்போது வெறுங்காலோடு விளையாடுகிறேன். எக்ஸ்எம்பி ஆன் செய்தேன். திருவனந்தபுரத்தில் ஒருவர் செட்டைப் பிரித்து விற்றார், அதே கம்பெனி அதே 3000 ஸ்டிக் 8 ஜிபி, ரயில் ஏறிப் போய் வாங்கி வந்தேன், ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட், ஒரு பிழைகூட இல்லை. கார்டைத் திறந்து பேஸ்ட் மாற்றியது முட்டத்து அண்ணன் சொன்னபடியே. ஃபேன் வயரை மட்டும் கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டேன், உயிரே போய்விட்டது, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை.

ஜிடிஏ 5 இரண்டு மணி நேரம் ஓடினாலும் 72-ஐத் தாண்டவில்லை, கிளாக் இறங்குவதே இல்லை. சைபர்பங்க் எஃப்எஸ்ஆர் (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) போட்டு 50 பக்கம், அந்த உறைதல் போயே போய்விட்டது. வேலோரண்டில் திணறல் அநேகமாக இல்லை. அம்மா நேற்று அறைக்கு வந்து, "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா மக்கா, சத்தத்தையே காணோம்" என்று கேட்டாள்.

செலவு எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து ஆறாயிரத்துக்குள். டூம் இன்னும் ஓடாது, அது தெரியும். மிச்சம் 19 ஆயிரம் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒருவர் 3060 12 ஜிபி, 14 ஆயிரம் சொல்கிறார், பில் இல்லையாம், பெட்டி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாமா?

கொட்டாரம்:

போ, ஆனால் பென் டிரைவில் ஜிபியு-இசட்டும், கார்டை முழு மூச்சில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க்கும் கொண்டு போ. 3584 கோர், 12 ஜிபி, 192 பிட் காட்ட வேண்டும். 3060 பேரிலேயே 8 ஜிபி, 128 பிட் என்று இன்னொன்று உண்டு, அதைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். அவர் வீட்டிலேயே ஒரு கேமை இருபது நிமிடம் ஓடவிடு, ஃபேன் இரண்டும் சுற்றுகிறதா, நாலு போர்ட்டிலும் படம் வருகிறதா பார். பின்னால் ஸ்க்ரூ தலையில் கீறல் இருந்தால் எதற்குத் திறந்தீர்கள் என்று கேள்.

வேப்பமூடு:

பில் இல்லாத சாமானுக்கு 14 அதிகம் மக்கா. 12-இல் இருந்து பேச்சைத் தொடங்கு. நான் மார்த்தாண்டம் பக்கம்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வேண்டுமானால் கூட வருகிறேன், உன் 1060-க்கு எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?